கோரோக்: ஒதுங்கிய நகரமா, ஒதுக்கப்பட்ட நகரமா?

கேள்வி:
தஜிகிஸ்தானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 45 விழுக்காடு, மலைநாட்டு பதாக்‌ஷான் தன்னாட்சிப் பகுதியாகும். அதன் தலைநகரான கோரோக், பாமீர் மலைகளுக்கிடையே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் வாழும் சிற்றூராகவே இருக்கிறது. இவ்வளவு குறுகிய பள்ளத்தாக்கில் ஒரு தலைமையிடம் எப்படி அமைந்தது?

பதில் 1:
குந்த் ஆறு பாஞ்ச் ஆற்றில் கலக்குமிடத்தில் ஓரளவு சமதளமும் தண்ணீரும் கிடைக்கின்றன. செங்குத்தான அந்த மலைகளில் அதுவே பெரிய சொத்து. ஆனால் முதன்மையான காரணம் எல்லைதான். 1895-இல் ரஷ்யாவும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பாஞ்ச் ஆறு ஆப்கானிஸ்தானுடனான எல்லையாகவே, இரு கரைகளிலும் பரவியிருந்த ஷுக்னான் நாடு இரண்டாகப் பிளந்தது. கிழக்குக் கரையிலிருந்த கோரோக்கில் ரஷ்யர்கள் காவல்தளம் அமைத்தார்கள். 1925-இல் சோவியத் அரசு தன்னாட்சிப் பகுதியை உருவாக்கியது. ஆகவே இயற்கை அந்நகரை ஒதுக்கியது பாதி, வரைபடம் ஒதுக்கியது மீதி என்பேன்.

பதில் 2:
முந்தைய பதிலில் சாலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 1930-களில் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து போடப்பட்ட பாமீர் நெடுஞ்சாலை, 4,655 மீட்டர் உயரமுள்ள அக்பைத்தால் கணவாயைக் கடந்தே கோரோக்கை அடைகிறது. தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயிலிருந்து வரும் வழியோ பாஞ்ச் ஆற்றை ஒட்டியே நெடுந்தூரம் செல்கிறது. அவ்வழியாகப் பகிர்வு ஜீப்பில் நாள் முழுவதும் குலுங்கிச் சென்றபோது, எதிர்க்கரையில் பாறையைக் குடைந்த ஒற்றையடிப் பாதையில் ஆப்கானியர் ஒருவர் கழுதையை ஓட்டிச் செல்வதைக் கண்டேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனால் வேறு நாடு. சிறு விமானமும் பறந்ததுண்டு, மேகம் இறங்கிவிட்டால் அதுவும் இல்லை.

பதில் 3:
1992 முதல் 1997 வரை நடந்த உள்நாட்டுப் போரில் துஷான்பே சாலை அடைபட்டபோது, இஸ்மாயிலிகளின் சமயத் தலைவரான ஆகா கானின் அமைப்புகள் ஓஷ் வழியாக அனுப்பிய உணவே அப்பகுதி மக்களைக் காத்தது; அவர்களில் பெரும்பாலோர் ஷியா பிரிவினரான இஸ்மாயிலி முஸ்லிம்கள். 2002-இல் கோரோக்கை அடுத்த தேம் என்னுமிடத்தில் பாஞ்ச் ஆற்றின்மேல் பாலம் திறக்கப்பட்டது. அதன் அருகில் சனிக்கிழமைச் சந்தை கூடி, இரு கரை மக்களும் ஒரே ஷுக்னி மொழியில் விலை பேசினார்கள். எல்லைப் பதற்றத்தால் சந்தை நின்று போன காலங்களும் உண்டு. ஆயினும் பாமீர் நீர்மின் நிலையங்களின் மின்சாரம் ஆற்றைத் தாண்டி ஆப்கான் கிராமங்களுக்குச் செல்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நான் கோரோக்கை துஷான்பேயிலிருந்து அளந்து பார்த்ததே பிழை. எதிர்க்கரையிலிருந்து பார்த்திருக்க வேண்டும்.