ஹெட்போன் இரைச்சலால் ஆங்கிலத் தேர்வு கெட்டது, 'பி' ஸ்ட்ரீம் போட்டுவிட்டார்கள். மறுபடி எழுதக் கேட்கலாமா?

கண்ணகி நகர் மாணவி (கேட்பவர்)

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். சேர்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஓரியன்டேஷன், புது மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சி. அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்தார். காலை ஒன்பதரை மணி முதல் மதியம் ஒன்றரை வரை மேடையில் பேசியது முழுக்க ஆங்கிலம். பாதிதான் எனக்குப் புரிந்தது. அப்பா கடைசி வரை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். அதற்கு முந்தின நாள் வந்த குறுஞ்செய்தியில் 'பிளேஸ்மென்ட் டெஸ்ட்' என்று இருந்ததைப் பார்த்து, கல்லூரியிலேயே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டார். அங்கே போன பிறகுதான் அது ஆங்கிலத்தில் யாரை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்கும் தேர்வு என்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கணினி லேப்பில் எழுதினோம். 40 நிமிடம், 50 கேள்வி. அதில் 15 கேள்வி, ஒலியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டியவை. என் ஹெட்போனில் கரகரவென்று ஒரே இரைச்சல். கை தூக்கலாம் என்று நினைத்தேன். எல்லோரும் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார்கள், எனக்குக் குரல் வரவில்லை. அந்த 15-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். இன்று பட்டியல் போட்டார்கள். நான் 'பி' ஸ்ட்ரீம், ஆங்கிலத்தில் 'ஏ'-வுக்கு அடுத்த நிலை வகுப்பு. என் கூடவே பள்ளியில் படித்த தோழி 'ஏ'.

மறுபடி எழுதக் கேட்கலாமா? கேட்டால் முதல் வாரமே தகராறு செய்கிற பெண் என்று நினைப்பார்களா? 'பி' என்பது மதிப்பெண் பட்டியலில் வருமா? யாராவது சொல்லுங்கள்.

இரண்டாமாண்டு பி.காம். மாணவர்

தங்கச்சி, நானும் தமிழ் வழிதான், போன வருடம் நானும் 'பி' ஸ்ட்ரீம்தான். விட்டுவிடு, ஒன்றும் ஆகாது. உண்மையில் உனக்கு இடிக்கப்போவது ஆங்கில வகுப்பு இல்லை, அக்கவுன்ட்ஸ் வகுப்பு. நாம் பேரேடு என்று படித்ததை அங்கே லெட்ஜர் என்பார்கள். குறிப்பேடு ஜர்னல், இருப்பாய்வு டிரையல் பேலன்ஸ், தேய்மானம் டிப்ரிசியேஷன். கணக்கு நமக்குத் தெரியும், பேர்தான் தெரியாது. முதல் இரண்டு வாரம் பிரிட்ஜ் கோர்ஸ் (பள்ளிப் பாடத்திலிருந்து கல்லூரிப் பாடத்துக்குப் பழக்கும் வகுப்பு) நடத்தினால் ஒரு நாள்கூட விடாதே. ஒரு நோட்டை இரண்டாக மடித்து இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் அவர்கள் சொல்லும் சொல் என்று எழுதிக்கொண்டே வா. எனக்கு அந்த ஒரு நோட்டுதான் முதல் பருவத்தைக் கடக்க வைத்தது.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

தம்பி சொல்வதில் நோட்டு யோசனை அருமை. ஆனால் 'விட்டுவிடு' என்பதை நான் ஏற்கமாட்டேன். இந்த மாதிரித் தேர்வுகளை நானே பல வருடம் தயாரித்துத் திருத்தியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன் மா.

இந்தத் தேர்வில் பாஸ், ஃபெயில் கிடையாது. ஓர் எல்லைக்கோடு வைத்துப் பிரிப்போம், அவ்வளவுதான். கோட்டுக்கு ரொம்ப மேலே, ரொம்பக் கீழே இருப்பவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் தப்பு வராது. கோட்டை ஒட்டி இருப்பவர்களிடம்தான் ஒரு தலைவலி, ஒரு பதற்றம், ஒரு கெட்ட ஹெட்போன் இடத்தை மாற்றிவிடும். உனக்கு 50-இல் 15 கேள்வி அளக்கப்படவே இல்லை. தெரியாமல் தப்பாகப் பதில் சொல்வது வேறு, கேட்கவே முடியாதது வேறு. இதை ஆசிரியரிடம் சொல்வது தகராறு இல்லை, தகவல். சொல்லாவிட்டால் நாளை அதே கணினியில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்து இதே அவதிப்படும்.

தாமதிக்காதே. நாளைக் காலையிலேயே ஆங்கிலத் துறைக்குப் போ. ஒரு தாளில் பெயர், வகுப்பு, தேர்வு நாள், நேரம், எந்த வரிசையில் எந்தக் கணினி, எந்தப் பகுதியில் ஒலி கேட்கவில்லை என்பதை மட்டும் எழுது. "நான் 'ஏ' பிரிவில் சேர வேண்டும்" என்று எழுதாதே. "ஒலிப் பகுதியை மட்டும் மீண்டும் எழுத அனுமதி வேண்டும்" என்று எழுது. இந்த இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தமிழில் பேசினாலும் பரவாயில்லை, எதிரே இருப்பவரும் நம்மூர்க்காரர்தான்.

மதிப்பெண் பட்டியல் பற்றி: பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரி என்றால் ஆங்கிலத்துக்குப் பல்கலைக்கழக வினாத்தாள், எல்லோருக்கும் ஒன்றுதான். தானே வினாத்தாள் போட்டுத் தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் ஸ்ட்ரீமுக்கு ஏற்பத் தாள் மாறலாம். அப்படி மாறினாலும் பட்டியலில் தாளின் பெயரும் குறியீடும்தான் வரும், மட்டமான மாணவி என்று யாரும் முத்திரை குத்துவதில்லை. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 உன் முதன்மைப் பாடம் என்று தனித்தனியாக இருப்பதையும் பார். பி.காம். மதிப்பெண் பகுதி 3-இல் நிற்கும்.

அப்புறம் ஒன்று. ஹெட்போன் நன்றாக இருந்தாலும் ஒலிப் பகுதி உனக்குக் கடினமாகவே இருந்திருக்கும். தமிழ் வழிப் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர்கள், காதால் கேட்டவர்கள் இல்லை. புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டி 'வெட்னெஸ்டே' என்று மனத்தில் வைத்திருப்பீர்கள், பேசுபவர் 'வென்ஸ்டே' என்பார். தெரிந்த சொல்லே தெரியாத சொல்லாகிவிடும். மறுதேர்வு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தினமும் ஆகாசவாணி ஆங்கிலச் செய்தியைப் போனில் கேள். முதல் தடவை சும்மா கேள். இரண்டாம் தடவை காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுது. பிறகு அகராதியில் தேடு. பத்து நாளில் காது பழகத் தொடங்கும்.

பெரும்பாக்கம் அக்கா

தேர்வு பற்றி மேடம் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேறொரு கவலை. ஓரியன்டேஷனில் பாதி புரியவில்லை என்கிறாயே, புதுமைப் பெண் திட்டம் பற்றி ஏதாவது சொன்னார்களா? ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், அதற்கென்று ஓர் ஆசிரியர் இருப்பார். ஆதார், உன் பெயரில் வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்றுகளை எடுத்து வை. ஆதாரும் கணக்கும் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிடு. என் தங்கைக்கு அது இணையாததால்தான் பணம் வருவது தள்ளிப்போனது.

கண்ணகி நகர் மாணவி

அக்கா, அதைச் சொன்னார்களா என்றே தெரியவில்லை. ஒரு படிவம் கொடுத்தார்கள், எதற்கென்று தெரியாமல் பையில் வைத்துவிட்டேன். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், அதுதான்! நாளை கடைசி நாள். ரொம்ப நன்றி அக்கா. மேடம், தாள் எழுதிவிட்டேன். கணினி எண் ஞாபகம் இல்லை, இரண்டாம் வரிசையில் ஜன்னல் பக்கம் என்று எழுதியிருக்கிறேன், போதுமா?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

தாராளமாகப் போதும். போய்விட்டு வந்து சொல்லு மா.

கண்ணகி நகர் மாணவி

வெள்ளிக்கிழமை இரவு. முதலில் படிவம் கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டார்கள்.

ஆங்கிலத் துறையில் இருந்த மேடத்திடம் தமிழில்தான் பேசினேன். தாளை இரண்டு முறை படித்தார்கள். உடனே லேப்புக்கு அழைத்துப்போய் அந்த ஜன்னல் பக்கக் கணினியில் ஹெட்போனை மாட்டிப் பார்த்தார்கள். "இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டார்கள், ஆனால் திட்டவில்லை. இன்று மதியம் ஒலிப் பகுதி மட்டும் எழுதினேன். 15-இல் 8. மொத்தம் கூட்டினால் 'ஏ' ஸ்ட்ரீமுக்கு இரண்டு மதிப்பெண் குறைவு.

அதனால் 'பி'தான். பட்டியலைப் பார்த்த அன்று அழுதேன், இன்று அழுகை வரவில்லை. என் விடைகளைத் திறந்து காட்டி, நான் எழுதும் வாக்கியம் சரியாக இருக்கிறது, சின்னச் சின்ன இடைச்சொற்களில்தான் சறுக்குகிறேன் என்று மேடம் விளக்கினார்கள். முதல் பருவம் முடிந்ததும் திரும்பப் பார்த்து மாற்றுவது உண்டாம். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கேட்டியா, அது போதும்" என்றார்.

ஒரு சின்ன சந்தேகம். வீட்டில் சத்தம் அதிகம், உட்கார்ந்து படிக்க இடமில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்கலாமா?

இரண்டாமாண்டு பி.காம். மாணவர்

படிக்கலாம் தங்கச்சி. சொந்தப் புத்தகம் படிப்பவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, கட்டணம் கிடையாது. சனி, ஞாயிறு சீக்கிரமே நிரம்பிவிடும், காலையில் திறந்ததுமே போய்விடு. சாப்பாடு கட்டி எடுத்துப் போ. அந்த நோட்டையும் மறக்காதே.