சங்குக்குள் இருக்கும் நண்டுக்கு என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கொக்குவிலிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் எழுதிய சிறு நூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும், ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது: வெற்றுச் சங்குக்குள் குடியிருக்கிற நண்டின் பெயர். இப்போதைக்குத் துறவி நண்டு (ஆங்கிலத்தில் hermit crab) என்று எழுதியிருக்கிறோம். விடுமுறைக்கு மாலைதீவில் வேலை செய்கிற தம்பியிடம் போயிருந்தோம். பின்னேரம் வெயில் தாழ, கரையோரப் பற்றைகளுக்குள்ளிருந்து ஓட்டைச் சுமந்தபடி இந்த நண்டுகள் இறங்கி வரும். ஆறாம் வகுப்பு படிக்கிற மகள் நாலு நாளும் ஒரே இடத்தில் குந்தியிருந்து கொப்பியில் குறித்தாள். நிழல் பட்டாலே உள்ளே இழுத்து, பெரிய இடக்கொடுக்கால் வாசலை அடைத்துவிடும், பத்து நிமிடம் அசையாமல் இருந்தால்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். மூன்றாம் நாள் ஒரு வெற்றுச் சங்கு கிடந்தது. ஒரு நண்டு கொடுக்கை உள்ளே விட்டு அளந்து பார்த்தது, பெரிது போல, போகாமல் பக்கத்திலேயே நின்றது. அப்புறம் இன்னும் நாலு வந்து பெரிதிலிருந்து சிறிது வரை வரிசையாக நின்றன. பெரியது புதுச் சங்குக்குள் ஏறியதும், அது விட்டதில் அடுத்தது, அது விட்டதில் அதற்கடுத்தது என்று கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டன. வகுப்பில் இதை வாசித்தபோது ஒரு பிள்ளை கேட்டாள், "மிஸ், இவ்வளவு பேர் சேர்ந்து நிக்கினம், பிறகேன் துறவி நண்டு?" எனக்குப் பதில் வரவில்லை. உதவுங்கள்.

மானிப்பாயிலிருந்து:

தங்கச்சி, நல்ல கேள்வி. துறவி என்பது ஆங்கிலக்காரர் வைத்த பெயரின் நிழல், நமக்கு ஏன்? உயிர்களை அவற்றின் அறிவுகளை (புலன்களை) எண்ணி வகுக்கும் தொல்காப்பிய மரபியலில் "நந்தும் முரளும் ஈரறிவினவே" என்றும் "நண்டும் தும்பியும் நான்கறிவினவே" என்றும் வருகிறது. நந்து என்றால் நத்தையும் சங்கும். ஈரறிவு உயிர் விட்டுப்போன வீட்டில் நான்கறிவு உயிர் குடியிருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்? நந்துறை அலவன். அலவன் என்றால் நண்டு, உறை அலவன் வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். அலவன் என்ற சொல்லே அலமரல், அலைதல் என்பவற்றோடு சேர்ந்தது என்பது என் எண்ணம், வீடு மாறி அலையும் இந்த உயிருக்குத்தான் அது முதலில் வழங்கியிருக்கவேண்டும் என்றுகூட நினைக்கிறேன். 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் இதே ஊரிலிருந்து உடற்கூற்றியலையே தமிழில் படிப்பித்தார். ஒரு நண்டுக்கு நாம் தயங்குவதா?

சென்னையிலிருந்து:

ஐயா, நந்துறை அலவன் அழகாக இருக்கிறது, ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு உரை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். என் பரிந்துரை ஒண்டி நண்டு. ஒண்டி என்றால் தனியாள், ஒண்டுதல் என்றால் இன்னொருவர் இடத்தில் ஒதுங்குதல். பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. எங்கள் ஊரில் ஒண்டுக்குடித்தனம் என்று சொன்னாலே படம் கண்முன் வரும்.

பருத்தித்துறையிலிருந்து:

உங்கள் ஊரில் வரும் அண்ணை, இங்கே ஒண்டியும் இல்லை, ஒண்டுக்குடித்தனமும் இல்லை. நேற்றுப் பெரியப்பாவிடம் கேட்டேன், ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். "சங்குக்க இருக்கிற நண்டு, வலையில வந்தா எறிஞ்சுபோடுவம்" என்றார், பெயர் சொல்லவில்லை. சங்கு நண்டு என்று வைக்கலாம்தான், ஆனால் அது சோகிக்குள்ளும் ஊரிக்குள்ளும் நத்தை ஓட்டுக்குள்ளும் இருக்கிறதே.

இன்னொன்று, பெயரைவிட இது முக்கியம். இதன் பின்னுடல் மெத்தென்றிருக்கும், ஓடு கிடையாது, சங்கின் சுருளுக்கு ஏற்ப ஒரு பக்கமாக வளைந்து, வாலடி உறுப்புகளால் உள்தண்டைப் பிடித்திருக்கும். பிடித்து இழுத்தால் விடாது, கிழிந்து சாகும். பிள்ளைகளின் நூலில் கட்டாயம் எழுதுங்கள். அந்த வளைவை மொழிபெயர்க்கும்போதும் கவனம்: விஞ்ஞானிகள் வலச்சுருள் என்பது நாம் இடம்புரி என்று சொல்கிற சாதாரணச் சங்கு. நம் வலம்புரி அவர்களுக்கு இடச்சுருள். நேரே போட்டால் கடற்கரைப் பிள்ளைகள் எல்லோரும் பிழை பிடிப்பார்கள்.

மானிப்பாயிலிருந்து:

வலம்புரி பற்றிச் சொன்னது சரி. ஆனால் புரி என்பது முறுக்கு, கயிற்றின் புரியும் அதுவே, இதைத் தனி இழையில் பேசவேண்டும்.

டொரொன்டோவிலிருந்து:

துறவியை ஒரேயடியாகத் தள்ளவேண்டாம். தரையில் வாழும் இனத்தின் விலங்கியல் பெயர் சீனோபிட்டா, தனித்திருக்கும் முனிவரை அது குறிக்காது, மடத்தில் கூடி வாழும் துறவியைத்தான் குறிக்கும். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம். யப்பானியர் யாடோகாரி என்கிறார்கள், தங்குமிடம் இரவல் வாங்கியது என்று பொருள். நம்மூரில் மடம் என்றால் துறவி மடமும்தான், வழிப்போக்கர் தங்கும் மடமும்தான். நான் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்து ஓட்டுமடத்தில், அந்தப் பெயரிலேயே ஓடும் மடமும் இருக்கிறதைப் பாருங்கள்! மடத்து நண்டு என்று வைத்தால் என்ன? இல்லையென்றால் கூடுமாறி நண்டு. கூடு விட்டுக் கூடு பாய்வதை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை.

கொக்குவிலிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழன், இனி நீட்ட முடியாது. தனிமடலில் வந்ததையும் சேர்த்து எட்டுப் பேர் எழுதினீர்கள், அதில் ஐந்து பேர் கூடுமாறிக்கு. வகுப்பிலும் கேட்டேன், மடத்து நண்டு என்றதும் பக்கத்து ஊர் கந்தர்மடமா என்று கேட்டார்கள், நந்துறை அலவனை ஒருவன் மட்டும் திருப்பிச் சொன்னான், கூடுமாறி என்றதும் எல்லோருக்கும் விளங்கியது. உள்ளே கூடுமாறி நண்டு, கடைசிப் பக்கச் சொல்லடைவில் துறவி நண்டு என்றும் வழங்கும் என்று போடுகிறேன். சங்கு பொறுக்கி வரக்கூடாது என்று மகள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள், அதுவும் போகிறது. கூடவே 2019 இல் வந்த ஆய்வு ஒன்றைச் சேர்த்தேன்: இந்து சமுத்திரத்துக் கொக்கோசு (கீலிங்), பசிபிக் சமுத்திரத்து ஹென்டர்சன் தீவுகளில் கரையொதுங்கிய பிளாஸ்டிக் போத்தல்களுக்குள் இறங்கி ஏறமுடியாமல் இவை ஐந்து இலட்சத்துக்கு மேல் செத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஒன்று செத்த மணம் மற்றவற்றுக்கு ஓர் ஓடு காலியாகிவிட்டது என்ற சேதி, அதை நம்பி அடுத்ததும் உள்ளே இறங்குகிறது. இதை வாசித்துவிட்டு மகள் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மானிப்பாயிலிருந்து:

நூல் நல்லபடி வரட்டும் தங்கச்சி. ஆனால் என் மறுப்பைப் பதிந்துவையுங்கள். கூடு என்பது உயிர் தானே கட்டுவது, குருவிக்கூடு, குளவிக்கூடு. இது எடுத்துக்கொள்வது ஓடு. மாறி என்றே வைப்பதானால் ஓடுமாறி என்றாவது வையுங்கள். இதன் குஞ்சு முதலில் ஓடே இல்லாமல் கடலில் மிதந்து திரிகிறது, அந்தப் பருவத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ஞாயிறு எழுதுகிறேன்.