உலகத்துக்குப் போதுமான உணவு விளைகிறது என்றால் பயிர் ஆராய்ச்சி இன்னும் எதற்கு?

தூறல்:
வணக்கம். பயிர்ப் பெருக்கத்தில் மேற்படிப்பை முடிக்கப் போகிறேன். சர்வதேச வேளாண் ஆராய்ச்சி மையம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தேன். அப்போதுதான் வேறு துறையில் படிக்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: "இன்று விளைவதே எல்லோருக்கும் போதும். 2023-இல் 70 கோடிப் பேருக்கு மேல் பட்டினி கிடந்ததற்குப் போரும் வறுமையும்தான் காரணம். நீ இன்னொரு நெல் ரகம் கொண்டுவந்து என்ன ஆகப் போகிறது?" என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பாடத்தில் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகம், கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக், அதிக விளைச்சல் ரகங்கள் பரவிய பசுமைப் புரட்சி என்று வந்து கதை 1970-களோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு இந்த மையங்கள் என்னதான் செய்கின்றன? உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எட்டாம்வாய்ப்பாடு:
உங்கள் தோழி சொல்வதில் பெரும்பகுதி சரி. 2024-இல் சூடானில் போரால் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று உறுதி செய்தார்களே, அதற்குக் காரணம் போர். அங்கே நல்ல விதை இருந்திருந்தாலும் விதைக்க முடிந்திருக்காது. கையில் காசு இல்லாதவருக்குச் சந்தையில் அரிசி குவிந்திருந்தும் பயனில்லை.

விதையறை:
சூடானைப் பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் "விளைவது போதும்" என்று சொல்லும்போது, இந்த வருடம் விளைந்தது அடுத்த வருடமும் விளையும் என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். அதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

நான் ஒரு சர்வதேச மையத்தின் விதை வங்கியில் முளைப்புத்திறன் சோதிக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவள். ஈரத் தாளில் விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டி, சில நாள் கழித்துப் பிரித்து, எத்தனை முளைத்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். நன்றாக உலர்த்தி மைனஸ் 18 டிகிரி குளிரில் வைத்த விதையும் மெல்ல மெல்ல உயிரை இழக்கும். முளைப்பு குறைந்தால் உடனே எடுத்து வயலில் விதைத்துப் புது விதை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். வருடம் முழுக்க இதே வேலைதான். எனக்கு இதில் அலுப்பே வந்ததில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் பாடத்தில் ஐ.ஆர்.8 இருக்கிறது இல்லையா, 1966-இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. அதன் பிறகு நடந்ததைத்தான் பாடத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது பரவிய சில வருடங்களிலேயே புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி, துங்ரோ என்ற வைரஸ் நோய், நெல்லைப் புல் மாதிரிக் குட்டையாக்கும் இன்னொரு வைரஸ் நோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குட்டையாக்கும் அந்த வைரஸைத் தாங்கும் செடியைத் தேடி வங்கியிலிருந்த 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கியது ஒன்றே ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல். மணி சிறுத்து, பழுத்ததும் உதிர்ந்துவிடும். சாப்பாட்டுக்கு யாரும் பயிரிடாத செடி. அந்த எதிர்ப்புத் திறனை அதே நிறுவனத்தின் பயிர்ப் பெருக்க விஞ்ஞானி குருதேவ் சிங் குஷ் குழுவினர் நெல்லுக்குக் கொண்டுவந்தார்கள். 1976-இல் வந்த ஐ.ஆர்.36 அப்படி உருவானதுதான். உலகத்தில் மிக அதிகப் பரப்பில் பயிரான நெல் ரகங்களில் ஒன்று அது. வங்கியிலிருந்த அந்த ஒரு காட்டு நெல் விதைப் பொட்டலம் முளைக்காமல் போயிருந்தால்? ஒவ்வொரு தாளைப் பிரிக்கும்போதும் இந்த நினைப்பு வரும் எனக்கு.

எல்லாவற்றுக்கும் விதைதான் விடை என்றும் நான் சொல்ல மாட்டேன். தென் அமெரிக்காவிலிருந்து 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த மாவுப்பூச்சி, மரவள்ளியை நாடு நாடாக அழித்துக்கொண்டு போனது. சுமார் 20 கோடிப் பேர் நம்பியிருந்த கிழங்கு அது. நைஜீரியாவின் இபாதானில் இருக்கும் மையத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் ஒரு குழு அந்தப் பூச்சியின் இயற்கை எதிரிகளைத் தேட வைத்தது. 1981-இல் பராகுவேயில் பூச்சியோடு அதன் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியும் கிடைத்தது. அதை வளர்த்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள், பூச்சி அடங்கிவிட்டது. விவசாயி எதையும் வாங்கவில்லை, எதையும் தெளிக்கவில்லை. பலருக்கு அப்படி ஒரு குளவி வந்ததே தெரியாது. பசி வராமல் தடுத்த வேலை கண்ணில் படாது என்பதால்தான் உங்கள் தோழிக்கும் அது தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தூறல்:
இதெல்லாம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு பயன் இருந்தால் தனியார் விதை நிறுவனங்களே செய்துவிடாதா? இந்த மையங்களுக்கு நன்கொடை நாடுகள் ஏன் பணம் தர வேண்டும்?

விதையறை:
எது விலை போகுமோ அதை நிறுவனங்கள் செய்யும், நன்றாகவே செய்யும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் விவசாயி வருடாவருடம் புது விதை வாங்குகிறார், அதனால் அங்கே முதலீடு வருகிறது. மரவள்ளியைக் குச்சி வெட்டி நடுகிறார்கள். வாழைக்குக் கன்று போதும். நெல்லும் கோதுமையும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள், சொந்த விளைச்சலிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம். ஏழைகள் அதிகம் நம்பியிருக்கும் பயிர்களில்தான் விற்பனையாளருக்கு லாபம் குறைவு.

அப்புறம், காலம். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல் வெள்ளத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும், ஆனால் விளைச்சல் குறைவு. அந்தத் திறன் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டது 1996 வாக்கில். மரபணுவை அடையாளம் கண்டது 2006-இல். விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்ட ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் அதை மட்டும் பின்கலப்பு மூலம், அதாவது ஸ்வர்ணாவோடே திரும்பத் திரும்பக் கலந்து, சேர்த்து, ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் வெளியானது 2009-இல். காலாண்டு லாபம் பார்க்கும் எவரும் இத்தனை வருடம் காத்திருப்பார்களா?

வரப்போரம்:
குறுக்கே வருகிறேன். குட்டை ரகங்களோடு பூச்சிமருந்தும் வந்ததை நீங்கள் சொல்லவில்லையே. இந்தோனேசியாவில் மானிய விலையில் மருந்து கொடுத்து, சிலந்திகள் செத்து, புகையான் முன்பைவிட மோசமாகப் பெருகவில்லையா?

விதையறை:
பெருகியது, உண்மை. நீங்கள் கேட்டது நல்லது. மருந்து புகையானைவிட அதைத் தின்னும் சிலந்திகளைத்தான் அதிகம் கொன்றது. அதைக் கண்டுபிடித்தவர்களும் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணிய ஆராய்ச்சியாளர்கள்தான். 1986-இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது, பிறகு விவசாயிகள் வயலிலேயே பூச்சிகளைக் கவனித்துக் கற்கும் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விளைச்சல் விழவில்லை. ஆராய்ச்சி மையங்களும் அரசுகளும் சேர்ந்து உருவாக்கிய பிரச்சினைதான் அது. அதை மறைத்துவிட்டு நிதி கேட்டால் கொடுப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

தூறல்:
தோழியிடம் சொல்ல அண்மைக்கால உதாரணம் ஒன்று வேண்டும். 1970-களின் கதைகளை அவள் கேட்க மாட்டாள்.

விதையறை:
வங்கதேசத்தைச் சொல்லுங்கள். கதிரைத் தாக்கும் பூஞ்சை நோயான கோதுமைக் குலை நோய் 1985-இல் பிரேசிலில் முதலில் தெரிந்தது. 2016-இல் அது திடீரென்று வங்கதேசத்தில் வந்தது, ஏறக்குறைய 15,000 ஹெக்டேர் பாதிப்பு. அடுத்த ஆண்டே, 2017-இல், நோயைத் தாங்கும் பாரி கோம் 33 என்ற கோதுமை ரகம் வெளியானது. ஒரு வருடத்தில் யாராலும் ரகம் உருவாக்க முடியாது என்பது பயிர்ப் பெருக்கம் படித்த உங்களுக்கே தெரியும். மெக்சிகோவின் கோதுமை மையத்திலிருந்து வந்த கலப்பு ஏற்கெனவே வங்கதேசத்தின் சோதனை வயல்களில் இருந்தது, நோய் சோதனைகள் பொலிவியாவில் நடந்தன. நோய் வந்த பிறகு ஆரம்பித்திருந்தால் இன்னும் பத்து வருடமாவது ஆகியிருக்கும்.

விண்ணப்பத்தை அனுப்புங்கள். விதை வங்கிப் பிரிவில் இடம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பெரும்பாலானோர் அதைக் கேட்பதில்லை, ஆள் எப்போதும் தேவை.