சைனஸுக்கு ‘மூக்குப்புரை’

அன்பு நண்பர்களுக்கு,

சைனஸ் என்ற மருத்துவச் சொல்லுக்கு, அதாவது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் இருக்கும் காற்றுக் குடைவுகளுக்கு, தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்ற நம் விவாதத்தில் இதுவரை காற்றறை, நாசிக்குடா, எலும்புப்புழை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நான்காவதாக ‘மூக்குப்புரை’ என்பதை முன்வைக்கிறேன். சொல்லுக்கு முன் அந்த உறுப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். நம் விவாதம் அகராதிப் பக்கமே சாய்ந்து, எலும்பை விட்டு விலகிப் போகிறது என்று தோன்றுகிறது.

மண்டையோட்டில் 22 எலும்புகள். மூளையைச் சுற்றி 8, முகத்தில் 14. இவற்றில் மூக்கோடு தொடர்புள்ள காற்றுக் குடைவுகள் இருப்பது ஐந்தே எலும்புகளில்தான்: நெற்றி எலும்பு, நெய்யரி எலும்பு (இரு கண்குழிகளுக்கும் நடுவில் உள்ள எத்மாய்டு), ஆப்பெலும்பு (மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் உள்ள ஸ்பினாய்டு), இரண்டு மேல்தாடை எலும்புகள். ஒவ்வொரு குடைவும் வலம், இடம் என்று இணையாக இருப்பதால் நான்கு இணைகள் என்று சொல்கிறோம்.

இவை எலும்பு தானாகக் குடைந்துகொண்ட பள்ளங்கள் அல்ல. கரு வளரும்போது மூக்கின் உட்சவ்வு பக்கவாட்டில் மொட்டுவிட்டு, பக்கத்து எலும்புக்குள் புகுந்து, அதைக் குடைந்துகொண்டே போகிறது. பிறந்த குழந்தைக்கு மேல்தாடையிலும் நெய்யரியிலும் சிறிய அளவில் இருக்கும். நெற்றியில் உள்ளது ஏறக்குறைய ஆறேழு வயதில்தான் எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, பருவ வயதைத் தாண்டியே முழு அளவை எட்டும். சிலருக்கு ஒரு பக்கம் உருவாகாமலே போவதும் உண்டு. மூக்கிலிருந்து கிளைத்து, மூக்கின் சவ்வையே உள்ளே போர்த்திக்கொண்டு, மூக்கிலேயே திறப்பவை இவை. லத்தீன் பெயர் ‘மூக்கின் அருகே உள்ளவை’ என்று இடத்தை மட்டும் சொல்கிறது. நாம் அதோடு நிற்க வேண்டியதில்லை. ‘மூக்கருகு’, ‘பக்கமூக்கு’ என்றெல்லாம் முன்னொட்டுத் தேடாமல் ‘மூக்கு’ என்றே சொல்வது சுருக்கத்துக்காக அல்ல. பிறப்பின்படி அதுதான் சரி.

இந்தக் கோணத்தில் பார்த்தால் எலும்புப்புழை பொருந்தாது. காதின் பின்னே தடவினால் தட்டுப்படும் எலும்பு முகட்டுக்குள்ளும் காற்றுக் கண்ணறைகள் உண்டு. அவை நடுக்காதில் திறப்பவை, மூக்கோடு நேரான உறவு அவற்றுக்கு இல்லை. எலும்புப்புழை என்றால் அவையும் சேர்ந்துகொள்ளும். காற்றறைக்கும் இதே சிக்கல். ‘மூக்கறை’ என்று ஒட்டவைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். மூக்கறையன் என்றால் மூக்கு அறுபட்டவன் என்பதுதான் நம் காதில் விழும். நோயாளியிடம் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது.

நாசிக்குடாவைப் பற்றி. சைனஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு மடிப்பு, வளைவு, கடற்குடா என்ற பொருள்கள் உண்டு. அதனால் குடா பொருத்தமாகத் தோன்றுகிறது. கடற்குடாவுக்கு வாய் அகலம். இந்தக் குடைவுகளுக்கோ வாய் மிகக் குறுகல், நோய்க்கூறு முழுக்க அந்தக் குறுகலில்தான் இருக்கிறது. மேலும், மருத்துவத்தில் சைனஸ் என்பது ஒரே பொருள் அல்ல. மூளையுறையின் மடிப்புகளுக்குள் ஓடும் சிரை இரத்தப் பாதைக்கும் அதே பெயர், இதயத்தின் சிரைகள் கூடும் இடத்துக்கும் அதே பெயர், ஆறாத புண்ணிலிருந்து தோலுக்கு வரும் குழாய்க்கும் அதே பெயர். ஒரே தமிழ்ச்சொல்லால் இவை எல்லாவற்றையும் கட்ட நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். இரத்தம் ஓடுபவற்றைக் குடா வகையில் வைத்துக்கொள்வோம், ‘சிரைக்குடா’ அங்கே நன்றாகவே நிற்கிறது.

கணிதத்தில் வரும் சைனும் இதே லத்தீன் சொல்தான். வில்லின் நாணைக் குறிக்கும் வடமொழி ‘ஜ்யா’, ‘ஜீவா’ அரபியில் ‘ஜீபா’ என்று ஒலிபெயர்ப்பாகி, பிறகு ‘ஜைப்’ என்று படிக்கப்பட்டு, ஆடையின் மடிப்பு என்ற பொருளில் 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் ‘சைனஸ்’ ஆனது. நாணுக்கும் மடிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மூலச்சொல்லின் பொருளையே பிடித்துத் தொங்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, ஏன் புரை? உள்ளே குடைந்து வெறுமையாக இருப்பது, உட்டுளை என்பது அதன் பழைய பொருள். தண்ணீர் தவறான வழியில் போனால் புரையேறிவிட்டது என்கிறோம். எலும்புக்குள் புகுந்து குடைந்த இடத்துக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை. இதிலிருந்து கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: திறப்புக்குப் புரைவாய், வீக்கத்துக்குப் புரையழற்சி.

புரைவாய் என்ற சொல்லுக்காகவே நான் இந்தப் பக்கம் சாய்கிறேன் என்றும் சொல்லலாம். மேல்தாடையில் இருப்பதுதான் நான்கில் பெரியது. வளர்ந்தவர்களுக்குச் சுமார் 15 மில்லிலிட்டர் கொள்ளும். 1651இல் நதானியேல் ஹைமோர் இதை விரிவாக விவரித்ததால் அவர் பெயராலும் வழங்கியது. இதன் வாய் அடியில் இல்லை, உட்சுவரின் உச்சியில் இருக்கிறது. நாம் நிமிர்ந்து நிற்கும்போது சளி தானாக வடிய வழியே கிடையாது. சவ்வின் மேலுள்ள நுண்மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளித் தள்ளி வாய்க்குக் கொண்டுசேர்க்கின்றன. அறுவையில் அடிப்பக்கம் புதிதாக ஒரு துளை போட்டாலும் அந்த நுண்மயிர்கள் சளியை இயற்கையான வாயை நோக்கியே தள்ளும். சவ்வு வீங்கி அந்த வாய் அடைபட்டால் சளி தேங்குகிறது, அப்புறம் கிருமி, வலி எல்லாம். அதனால் வாய்க்குத் தனிச்சொல் இல்லாத எந்தக் கலைச்சொல் தொகுதியும் மாணவருக்குப் பாதிதான் உதவும். கால்வாய், புண்வாய் என்று திறப்பை வாய் என்று சொல்வது நமக்குப் பழக்கமும்கூட.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. கண்புரை நோயின் பெயர். புரையோடிய புண் என்பதும் நோய். வள்ளுவரின் ‘புரைதீர்ந்த’ என்பதில் புரை குற்றம். அப்படியானால் ‘உங்களுக்கு மூக்குப்புரை’ என்று கேட்டவுடன் நோயாளி பயப்பட மாட்டாரா? பயப்படலாம்தான். ஆனால் ‘எனக்கு சைனஸ் இருக்கிறது’ என்று உறுப்பின் பெயரையே நோயாகச் சொல்லும் வழக்கம் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. எந்தச் சொல்லை வைத்தாலும் இது நடக்கும். அதனால் உறுப்புக்கு மூக்குப்புரை, நோய்க்கு மூக்குப்புரையழற்சி என்று முதல் நாளிலிருந்தே இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். அழற்சியைச் சோம்பலில் விட்டுவிட்டால் பிறகு மீட்க முடியாது.

தனித்தனிப் பெயர்களில் நெற்றிப்புரைக்குச் சிக்கல் இல்லை. மேல்தாடையில் உள்ளதைக் கன்னப்புரை என்று சொல்லத் தோன்றும், கேட்கவும் இனிமை. ஆனால் கன்ன எலும்பு என்பது வேறு எலும்பு, ஆகவே மேல்தாடைப்புரைதான் சரி. மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள் அதன் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் பல் நோய் அங்கே பரவுவதை விளக்கவும் இந்தப் பெயர் உதவும்.

நெய்யரியை எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். நெய்யை வடிகட்டும் அரிப்பின் பெயரை, மணமுணர் நரம்பிழைகள் நுழைந்துபோகும் துளைத்தட்டு கொண்ட எலும்புக்கு வைத்தவர்கள் எலும்பைக் கையில் வைத்துப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். கிரேக்கப் பெயருக்கும் அரிப்பு, சல்லடை என்ற பொருள்தான். ஆனால் அங்கே இருப்பது ஒரு பெரிய குடைவு அல்ல, பல சிறு கண்ணறைகள். அதனால் மொத்தமாகச் சொல்ல நெய்யரிப்புரை, உள்ளே எண்ணிச் சொல்ல நெய்யரிக் கண்ணறைகள் என்று வைக்கலாம். இவற்றுக்கும் கண்குழிக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய எலும்புத் தகடுதான் இருக்கிறது. குழந்தைகளுக்குப் புரையழற்சி கண்ணுக்குப் பரவுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆப்பெலும்பில் உள்ளதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இலக்கணம் தடுக்கவில்லை என்றாலும் ஆப்புப்புரை என்று சொல்ல நாக்கு தடுக்குகிறது. ஆப்பெலும்புப்புரை நீளம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதன் கூரைமேல் உட்கார்ந்திருப்பதால், மூக்கு வழியாக அந்தச் சுரப்பியில் அறுவை செய்பவர்கள் இந்தப் புரையைத் தாண்டித்தான் போகிறார்கள். அடிக்கடி புழங்கப்போகும் பெயர் இது. வாயில் எளிதாக வரும் ஒரு வடிவம் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், குறிப்பாக உடற்கூறு வகுப்பெடுப்பவர்கள்.