முடக்குவாதம்: ஈஎஸ்ஆர் காணாதா, சிஆர்பியும் வேணுமா?

கொட்டியாரக்குடா: முடக்குவாதத்துக்கு மருந்து எடுக்கிறவைக்கு ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஈஎஸ்ஆரும் (குழாயில இரத்தச் சிவப்பணு படியிற வேகம்) சிஆர்பியும் (வீக்கத்தில ஈரல் கூடச் செய்யிற புரதம்) எண்டு ரெண்டு இரத்தச் சோதனை எழுதிவிடுகினம். ஈஎஸ்ஆர் மலிவு. மாதக்கணக்கில வீக்கத்தின்ர போக்கைப் பாக்க அது காணும். மற்றது வீண் செலவு.

உப்புவெளி லாப்: மலிவுதான் அண்ணை, ஆனா கெடுறதும் லேசு. 4 பங்கு இரத்தத்துக்கு, அது உறையாமல் இருக்க, 1 பங்கு சித்திரேற்று சரியாக் கலக்கோணும். குழாய் நேர நிக்கோணும், 3 பாகை சரிஞ்சாலே வாசிப்பு 30 சதவீதம் வரை கூடும். ஆடி வெயிலில கரண்ட் நிண்டு அறை சூடாகினா, பொய்யா ஏறும். மூதூரில காலமை எடுத்த இரத்தம் 4 மணித்தியாலம் கழிச்சு டவுனுக்கு வந்தா, பொய்யா இறங்கும். றிப்போட்டில ரெண்டும் வெறும் இலக்கம்தான். இரத்தச்சோகை இருந்தாலும் ஏறும். 60 வயசுப் பெண்ணுக்கு 35 எண்டாப் பதறத் தேவையில்லை: வயசோட 10 கூட்டி ரெண்டாப் பிரியுங்கோ, அதுதான் பெண்களுக்கு மேல் வரம்பு.

கொட்டியாரக்குடா: சிறுநீர்த் தொற்று ஒண்டு வந்தாலே சிஆர்பி பாயுதே, அதுக்கென்ன சொல்லுறியள்?

உப்புவெளி லாப்: பாயும், தொற்று மாறினா இறங்கியும் விடும். அதின்ர அரைவாழ்வு, அதாவது இரத்தத்தில பாதியாக் குறையிற நேரம், 19 மணித்தியாலம்தான். ஈஎஸ்ஆர் இறங்க வாரக்கணக்காகும். மருந்து மாத்தினாப் பிறகு எது உதவும்? ஒண்டு கவனம்: லீற்றருக்கு 12 மில்லிகிராமும் டெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராமும் ஒண்டுதான். லாப் மாறினா அலகைப் பாருங்கோ, இல்லாட்டி நோய் பத்து மடங்கு குறைஞ்ச மாதிரித் தெரியும்.

நிலாவெளி 28: ரெண்டு பேரும் மூட்டை மறந்திட்டியள். மணிக்கட்டு பொங்கிக் கிடக்க ரெண்டு சோதனையும் சாதாரண அளவில வாற ஆக்கள் கொஞ்சமில்லை. டொசிலிசுமாப் எண்ட முடக்குவாத மருந்து போடுறவைக்கு, வீக்கத்தைத் தூண்டுற இன்டர்லூகின் 6 அடைபட்டதால ஈரல் சிஆர்பி செய்யிறதே குறைஞ்சிடும். தொற்று வந்தாலும் இலக்கம் அசையாமல் கிடக்கலாம். லூபஸில (உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கிற இன்னொரு நோய்) நோய் எழும்பினாலும் சிஆர்பி பெரிசா ஏறாது, ஏறினாத் தொற்றைத் தேடோணும். 28 மூட்டையும் பெருவிரலால அமத்திப் பாருங்கோ, அமத்திற நகநுனி வெளிறுமளவு. சிடிஏஐ எண்ட, நோவுற வீங்கின மூட்டுகளை எண்ணி நோயின்ர வேகத்துக்குப் போடுற புள்ளிக் கணக்குக்கு இரத்தமே தேவையில்லை, 2.8 அல்லது அதுக்குக் கீழ வந்தா நோய் அடங்கியிருக்கு.

கொட்டியாரக்குடா: 28 மூட்டு அமத்த கிளினிக்கில ஆருக்கு நேரம்? சிஆர்பி ஒண்டு மட்டும், அதே லாப்பில எண்டா ஒத்துக்கொள்ளுறன்.

உப்புவெளி லாப்: ஈஎஸ்ஆரும் அனுப்புறதெண்டா, இரத்தம் எடுத்த நேரத்தைப் போத்தலில எழுதிவிடுங்கோ.