முழு பிஜிபி டேபிள் வாங்க எந்த ரவுட்டர்? ரேம் மட்டும் போதுமா?

பாக்கெட்_பாண்டி:
இரண்டு அப்ஸ்ட்ரீம் (நமக்கு இணையம் தரும் நிறுவனங்கள்), இரண்டும் 10 ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட்) போர்ட், உச்ச நேரத்தில் கூட மொத்தம் 6 ஜி தாண்டாது. இப்போது டீஃபால்ட் ரூட் (‘எங்கே போவதானாலும் இந்தப் பக்கம்’ என்ற ஒரே பாதை) மட்டும் வாங்கி ஓட்டுகிறோம். தொல்லை என்னவென்றால், ஒரு பக்கம் பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லும் முறை) செஷன் அப்பில்தான் இருக்கும், ஆனால் அவர்களுக்கு மேலே எங்கோ அறுந்திருக்கும், நம் டிராஃபிக் பாதி அங்கே போய்க் காணாமல் போகும். அதனால் இருவரிடமும் முழு டேபிள், அதாவது இணையம் முழுவதற்குமான பாதைப் பட்டியல், வாங்கலாம் என்று யோசனை. பழைய எல்3 ஸ்விட்ச் (ரூட்டிங்கும் செய்யும் ஸ்விட்ச்) ஒன்று மலிவாக வருகிறது, பிஜிபி உண்டு, 16 ஜிபி ரேம். போதும்தானே?

வேர்_முனை:
வாங்காதீர்கள். ரேமில் உட்காருவது ரிப், அதாவது பக்கத்து ரவுட்டர்கள் சொன்ன எல்லாப் பாதைகளும். அதற்கு 16 ஜிபி தாராளம். பாக்கெட்டை அனுப்பும்போது சிப் பார்ப்பது ஃபிப்பை, அதாவது தேர்ந்தெடுத்த பாதைகளின் பட்டியலை, அது டிகேம் போன்ற தனி நினைவகத்தில் இருக்கிறது, பின்னால் கூட்ட முடியாது. ஐபிவி4 இன்று சுமார் 10 லட்சம் ரூட், ஐபிவி6 2 லட்சத்துக்கு மேல். சாதாரண டேட்டா சென்டர் ஸ்விட்ச்களில் பல இதில் கால்வாசியைக் கூடத் தாங்காது.

டேட்டாஷீட்டில் இன்னொரு தந்திரம்: ‘ஐபிவி4 10 லட்சம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஐபிவி6 பூஜ்ஜியமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. பல சிப்களில் ஒரு ஐபிவி6 ரூட் இரண்டு இடத்தைத் தின்னும். அப்புறம், இருவரிடமும் முழு டேபிள் வாங்கினால் ஃபிப் இரட்டிப்பாகாது, சிறந்த பாதை மட்டும்தான் அங்கே இறங்கும்.

பழைய_ராக்:
2014 ஆகஸ்ட் 12 நினைவிருக்கிறதா? உலக டேபிள் 512 கே (சுமார் 5 லட்சம் ரூட்) எல்லையைத் தொட்டது. சிஸ்கோ 6500, 7600 வகைகளில் 10 லட்சம் தாங்கும் கார்டு இருந்தும் கூட, டீஃபால்ட்டாக ஐபிவி4க்கு 512 கே-தான் ஒதுக்கியிருந்தது. நிரம்பியதும் மிஞ்சிய ரூட்களின் பாக்கெட்டெல்லாம் சிபியு தலையில் விழுந்தது. பங்கீட்டை மாற்றக் கட்டளை உண்டு, ஆனால் ரீலோடு செய்தால்தான் நடப்புக்கு வரும். பழைய பெட்டி வாங்குபவர்கள் இந்தப் பங்கீட்டை முதலில் கேளுங்கள். இன்றைய அளவுக்கு இரண்டு மடங்காவது இல்லாத பெட்டியை நான் தொடமாட்டேன்.

கர்னல்_குமரி:
6 ஜிக்கு ஒரு நல்ல எக்ஸ்86 சர்வர் போதுமே. பேர்ட் அல்லது எஃப்ஆர்ஆர் (பிஜிபி பேசும் மென்பொருள்கள்) போடுங்கள், லினக்ஸில் ரூட் டேபிள் சாதாரண ரேமில்தான், 10 லட்சம் ரூட் அதற்கு ஒரு விஷயமே இல்லை. கான்ட்ராக்கை (ஒவ்வொரு இணைப்பையும் கண்காணிக்கும் கர்னல் வசதி) அணைத்துவிடுங்கள். பயம் ஒன்றுதான், சின்ன பாக்கெட். 64 பைட்டில் 10 ஜி நிறைந்தால் நொடிக்கு 1.488 கோடி பாக்கெட், டிடாஸ் தாக்குதல் வந்தால் கர்னல் மூச்சு வாங்கும், அப்போது விபிபி (கர்னலைத் தவிர்த்து பாக்கெட்டைக் கையாளும் மென்பொருள்) பக்கம் போக வேண்டும். ராத்திரியில் எழுந்து பார்க்க ஆளில்லை என்றால் ஜூனிப்பர் எம்எக்ஸ்204 அல்லது அரிஸ்டா 7280ஆர் வகையில் முழு டேபிள் தாங்கும் மாடலாகப் பாருங்கள்.

பாக்கெட்_பாண்டி:
சரி, ஸ்விட்ச் வேண்டாம். முழு டேபிள் இல்லாமல் அந்த ‘மேலே அறுந்த’ சிக்கலை மட்டும் தீர்க்க வழி உண்டா?

வேர்_முனை:
உண்டு. அவர்கள் தரும் டீஃபால்ட்டை நம்பாதீர்கள். இருவரிடமும் அவர்களுடைய வாடிக்கையாளர் ரூட்களோடு, வெளியே நன்றாகத் தெரிந்த சில பெரிய நெட்வொர்க்குகளின் ரூட்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் அந்தப் பெரிய ரூட்கள் தெரிகிறவரை மட்டும் அந்தப் பக்கம் டீஃபால்ட் உருவாகும்படி வையுங்கள். மேலே அறுந்து அவை வாபஸ் ஆனால் டீஃபால்ட்டும் தானாக விழும். ஒரே ஒரு ரூட்டை நம்பி வைக்காதீர்கள், அது ஆடினால் நீங்களும் ஆடுவீர்கள். மூன்று நான்கு வையுங்கள், ஒன்றாவது இருந்தால் போதும் என்று.

பழைய_ராக்:
இதோடு மேக்ஸ்-பிரிஃபிக்ஸும் (ஒருவரிடமிருந்து ஏற்கும் ரூட் எண்ணிக்கைக்கான உச்ச வரம்பு) போடுங்கள். இல்லையென்றால் அப்ஸ்ட்ரீம் கைதவறி முழு டேபிளைத் தள்ளிவிட்டால், நீங்கள் வைத்திருக்கும் சின்னப் பெட்டி அன்றைக்கே படுத்துவிடும்.