12.04-க்கு சப்மிட் பண்ணா லேட்டா?

பெரம்பூர் அப்பா: நேத்து இங்க ஒரு மேடம் "கூகுள் கிளாஸ்ரூம்ல லேட்னு விழுந்தா லேட்தான், மெஷினுக்கு ஓரவஞ்சனை தெரியாது"ன்னு எழுதியிருந்தாங்க, படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. என் பையன் ஒன்பதாவது. சயின்ஸ் அசைன்மென்ட்ட போட்டோ எடுத்து அந்த ஆப்ல ராத்திரி 9.10-க்கே டர்ன் இன் பண்ணிட்டான், அதாவது டீச்சருக்கு அனுப்பிட்டான், படுக்கப் போறப்ப பாத்தா மூணாவது பக்கம் போட்டோ தலைகீழா நிக்குது, குடுத்தத அன்சப்மிட் பண்ணி வாபஸ் வாங்கி, திருப்பி எடுத்துப் போடறதுக்குள்ள மணி 12.04. டியூ டைம் 11.59. 20-க்கு அஞ்சு மார்க் கட். 9.10-க்குக் குடுத்தவன் லேட்டா?

கெமிஸ்ட்ரி மிஸ்: அந்த மேடம் நான்தான். டெட்லைன் தாண்டி திரும்பக் குடுத்தா, முன்னாடியே குடுத்திருந்தாலும் லேட்னுதான் ஏறும் சார். கூகுள் ஹெல்ப் பக்கத்துலயே எழுதியிருக்கு.

பெரம்பூர் அப்பா: ஹெல்ப் பக்கத்த வெச்சா மார்க் போடுவீங்க? நான் கேட்டது 9.10.

சேலையூர் சிங்கம்: பரீட்சை பேப்பர நூல் கட்டி குடுத்துட்டு, "மிஸ் ஒரு நிமிஷம்"னு திருப்பி வாங்கிட்டுப் போய் மறுநாள் கொண்டாந்து குடுப்பீங்களாண்ணே?

பெரம்பூர் அப்பா: மறுநாளா? நாலு நிமிஷம்பா!

சேலையூர் சிங்கம்: அஞ்சு நிமிஷம். அதோட 12 மணி தாண்டினா மறுநாள்தான். 29சி பஸ் பெசன்ட் நகர் போகாதுன்னு இங்கயே ரெண்டு நாள் சண்டை போட்ட ஆளுதான நீங்க, கணக்கு இப்படித்தான் இருக்கும்.

பெரம்பூர் அப்பா: பஸ்ஸ ஏன் இழுக்கற? அன்னிக்கு நான் சொன்னது ராத்திரி கடைசி வண்டிய. திரி இன்னும் இருக்கு, போய்ப் படி.

வேளச்சேரி வாசி: ஒரு சின்ன விஷயம். கிளாஸ்ரூம் 'லேட்'னு சீட்டு மட்டும்தான் ஒட்டும், தானா மார்க்க குறைக்காது. குறைச்சது டீச்சர். அப்ப மெஷின் மேல ஏன்...

கெமிஸ்ட்ரி மிஸ்: பையன் சப்மிட்ட அப்படியே விட்டுட்டு பிரைவேட் கமென்ட்ல "மூணாம் பக்கம் தலைகீழா இருக்கு மிஸ்"னு ஒரு வரி போட்டிருந்தா முடிஞ்சது. அஞ்சு செக்‌ஷன் திருத்தறேன் சார். பூப்போட்ட பெட்ஷீட் மேல நோட்டு, அதுல ஃபேன் நிழல், ஓரத்துல கட்டை விரல், ஒரு பொண்ணு நோட்டுல தோசை மாவு. பாதி போட்டோ பக்கவாட்டுலதான் வரும், கழுத்த சாச்சு சாச்சு படிக்கறேன். ஒரு தலைகீழுக்கு நான் செத்துப் போயிட மாட்டேன்.

பெரம்பூர் அப்பா: உங்க கழுத்துக்கு என் பையன் மார்க்க புடிப்பீங்களா?

கெமிஸ்ட்ரி மிஸ்: உங்க பையனுக்கு நான் மிஸ்ஸே இல்ல சார்!

சும்மா வந்தேன்: ஒன்பதாவது பையன் 12 மணி வரைக்கும் முழிச்சிருந்தானா, இல்ல அப்பாவே போட்டாரா? டவுட்டு.

பெரம்பூர் அப்பா: யாரு போட்டா என்ன, எழுதினது அவன். ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, 9.10.

சும்மா வந்தேன்: சரி, அந்த மூணாம் பக்கத்துல என்னதான் இருந்துச்சு?

பெரம்பூர் அப்பா: செல் படம்.

சேலையூர் சிங்கம்: அத எப்படி திருப்பினாலும் ஒரே மாதிரிதானண்ணே இருக்கும்!

பெரம்பூர் அப்பா: பாகம் குறிச்சிருக்கான்ல, அந்த எழுத்து தலைகீழா இருக்காதா? படிச்சவன் மாதிரி பேசு. மேடம், இன்னும் பதில் வரல. 9.10 லேட்டா?

கெமிஸ்ட்ரி மிஸ்: 12.04 லேட்.

பெரம்பூர் அப்பா: நான் 9.10-அ கேட்டேன்.